எட்டு லிட்டர் எங்கே போனது?

நீளம் 120 செ.மீ., அகலம் 50 செ.மீ., உயரம் 45 செ.மீ. உள்ள கனச்செவ்வகத் தொட்டியின் கொள்ளளவு என்ன?

ஒன்பதாம் வகுப்பு மாணவர் எவரும் இரண்டு வரியில் முடித்துவிடும் கணக்கு இது. 120 × 50 × 45 = 2,70,000 கன செ.மீ. ஆயிரம் கன செ.மீ. ஒரு லிட்டர், ஆகவே 270 லிட்டர். பதினேழு ஆண்டுகளாக இப்படிப்பட்ட விடைகளுக்குச் 'சரி' போட்டுக்கொண்டிருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு வெல்டிங் பட்டறை வாசலில், என் மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இந்த விடை தவறு என்று ஆனது. அன்று கற்றுக்கொண்டதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

விடுப்புக் கேட்டு வந்த அப்பா

எங்கள் பள்ளி திருவாரூர் மாவட்டத்தில் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. தை பிறந்தால் சம்பா அறுவடை. வெளி மாவட்டங்களிலிருந்து அறுவடை இயந்திரங்கள் லாரிகளில் ஏறி வந்து இறங்கும். ஈரம் காயாத வயலில் டயர் வண்டி புதைந்துவிடும் என்பதால் செயின் வண்டிகளுக்குத்தான் மவுசு. செயின் வண்டி தார்ச் சாலையில் ஓடி பங்க்குக்குப் போக முடியாது. டீசல்தான் வயலைத் தேடி வர வேண்டும்.

என் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பாவுக்கு அதுதான் தொழில். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். சீசனில் தனக்குத் தெரிந்த நான்கைந்து இயந்திரங்களுக்கு, அந்தந்த உரிமையாளர் கணக்கில் பங்க்கில் டீசல் பிடித்து வயலுக்குக் கொண்டுபோய் ஊற்றுவார். வண்டி வாடகை அவருடைய வருமானம்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அவர் என்னைப் பார்க்க வந்தார். "தை, மாசி ரெண்டு மாசம் பையன் அப்பப்ப வர மாட்டான் டீச்சர். கேன் தூக்க ஆள் இல்ல" என்றார். பையன் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 14 மதிப்பெண். 'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியலில் இருந்தான். முந்தைய ஆண்டு அறுவடைக் காலத்தில் மட்டும் 19 நாள் வரவில்லை. இந்த ஆண்டும் அப்படிப் போனால் பத்தாம் வகுப்பில் அவன் என்ன செய்வான் என்ற கவலை எனக்கு.

வேறு ஆள் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். போன வருடம் ஒரு கையாள் இருந்தார், டீசல் கணக்கு உதைத்தது, நிறுத்திவிட்டேன் என்றார். பிறகு அவரே சொன்னார்: "கேன் தூக்குற வேலையே இல்லாம ஒரு டேங்க் கட்டி, பம்பு வச்சிடலாம்னு ஒரு யோசனை இருக்கு. அளவு இதுதான். எத்தனை லிட்டர் புடிக்கும்னு கொஞ்சம் போட்டுச் சொல்லுங்க."

அவர் நீட்டிய துண்டுச் சீட்டில்தான் 120, 50, 45 இருந்தன. நின்ற நிலையிலேயே 270 லிட்டர் என்று சொல்லி அனுப்பினேன். டேங்க் வந்தால் பையன் பள்ளிக்கு வருவான் என்பதால், அந்தத் தொட்டி கட்டி முடியும் வரை விடக் கூடாது என்று எனக்கும் ஒரு பிடிவாதம் வந்தது.

பட்டறையில் தொடங்கிய பாடம்

பழைய ஏற்பாடு இதுதான்: 200 லிட்டர் ட்ரம் ஒன்றை வண்டியில் மரக்கட்டை மீது படுக்க வைத்திருப்பார்கள். அதில் ஒரு குழாய். குழாயைத் திறந்து 20 லிட்டர் கேனில் பிடித்து, தோளில் வைத்து, வரப்பு வழியே நடந்து, இயந்திரத்தின் மேல் ஏறிப் புனல் வைத்து ஊற்ற வேண்டும். சிந்தும், தூசியும் வைக்கோல் துணுக்கும் உள்ளே விழும். 120 லிட்டருக்கு ஆறு நடை.

முதலில் அவர் அந்தப் பழைய ட்ரம்மையே வெட்டி ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பட்டறைக்காரர் மறுத்துவிட்டார். "எண்ணெய் இருந்த ட்ரம்ல நெருப்பு வைக்க மாட்டேன்." அவர் மறுத்தது அனுபவத்தில்; காரணம் நம் அறிவியல் பாடத்தில் இருக்கிறது. காலியான ட்ரம் உண்மையில் காலியாக இருப்பதில்லை. சுவரில் ஒட்டிய டீசல் வெல்டிங் சூட்டில் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலக்கிறது. நிறைந்த ட்ரம்மில் அந்தக் கலவைக்கு இடமே இல்லை. காலி ட்ரம்மில் நிறைய இருக்கிறது. அதனால் காலி ட்ரம்தான் கூடுதல் ஆபத்து. பட்டறைக்கு வேலைக்குப் போகும் பையன்கள் நம் வகுப்பில் இருந்தால் இந்த ஒன்றை மட்டுமாவது அழுத்திச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, தகடு. துருப்பிடிக்காது என்பதால் ஜி.ஐ. தகட்டில் செய்யலாமே என்று அப்பா கேட்டார். அதற்கும் மறுப்பு. ஜி.ஐ. தகட்டின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. டீசலில் உள்ள அமிலத்தன்மையுள்ள பொருள்களோடு துத்தநாகம் வினைபுரிந்து சோப்பு போன்ற படிவை உண்டாக்கும். அது வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். எனவே 3 மி.மீ. கனமுள்ள சாதாரண இரும்புத் தகடு முடிவானது. வெளியே பெயின்ட், உள்ளே பெயின்ட் இல்லை, ஏனென்றால் டீசல் அதை உரித்துக்கொண்டு வந்துவிடும்.

மூன்றாவது, சட்டம். இதை அவர் என்னிடம் கேட்டார், படித்துச் சொன்னேன். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி டீசல் 'பி' வகுப்பு. ஓரிடத்தில் மொத்தம் 2500 லிட்டருக்கு மிகாமலும், ஒரு கலன் 1000 லிட்டருக்கு மிகாமலும் இருந்தால் உரிமம் இன்றி வைத்திருக்கவும் கொண்டுசெல்லவும் அது இடம் தருகிறது. பெட்ரோல் 'ஏ' வகுப்பு. சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பற்றும் ஆவியை விடுவதால் அதற்கு விதிகள் மிகக் கடுமை. இந்தத் தொட்டியில் பெட்ரோலை எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றக் கூடாது என்று மூடியிலேயே எழுதச் சொன்னேன்.

பெட்டிக்குள் இருக்கும் அறிவியல்

வெளியில் இருந்து பார்த்தால் ஒரு பெட்டி. உள்ளே ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எல்லாம் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடங்களுக்குள் அடங்குபவை.

*தடுப்புத் தகடுகள்:* தாம்பாளம் நிறையத் தண்ணீர் எடுத்து நடந்தால் இரண்டு எட்டில் அலம்பிக் கொட்டிவிடும். அதே தண்ணீரைக் குழிப்பணியாரச் சட்டியின் குழிகளில் ஊற்றி நடந்தால் அவ்வளவாகக் கொட்டாது. தொட்டி வண்டியின் குறுக்கே 120 செ.மீ. நீளத்துக்குக் கிடக்கிறது. வளைவில் திரும்பும்போதும், வாய்க்கால் கரையில் ஒரு பக்கம் சாயும்போதும் உள்ளே இருக்கும் இருநூறு கிலோ டீசல் மொத்தமும் ஒரு பக்கம் ஓடினால் வண்டி கவிழும். இயக்க விதிகள் பாடத்தில் வரும் நிலைமம்தான் இது. ஆகவே நீளத்தை மூன்றாகப் பிரித்து இரண்டு தடுப்புகள். டீசல் மெதுவாகப் போய்வர நடுவில் துளையும், அடியிலும் மேலேயும் மூலைகளில் சிறு வெட்டும் உண்டு.

*காற்றுக்குழாய்:* பம்பு டீசலை உறிஞ்சும்போது அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் வெளிக்காற்றின் அழுத்தம் தொட்டியை உள்ளே நசுக்கும். தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்து உறிஞ்சினால் அது ஒடுங்குவதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். மழைத்தண்ணீர் புகாதபடி இந்தக் குழாயின் மேல்நுனியைக் கீழ்நோக்கி வளைத்திருந்தார் பட்டறைக்காரர்.

*அடிக்குழி:* பாதி காலியான தொட்டிக்குள் இரவுக் குளிரில் ஈரக்காற்று தண்ணீராகப் படியும். டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.83 கிலோ, தண்ணீர் 1 கிலோ. தண்ணீர் அடியில் தங்கும். அதனால் உறிஞ்சும் குழாய் தரையைத் தொடாமல் 3 செ.மீ. மேலே நிற்கிறது. தரையின் தாழ்ந்த மூலையில் ஒரு திருகு அடைப்பு. வாரம் ஒரு முறை திறந்து தண்ணீரை வடித்துவிடலாம்.

*பம்பு:* வண்டி பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பம்பு. நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளும். அதன் பட்டையில் 150 வாட் என்று இருந்தது. 150 ÷ 12 = 12.5 ஆம்பியர். எனவே 20 ஆம்பியர் ஃபியூஸ், அதற்கேற்ற கனமான வயர். 120 லிட்டர் ஊற்ற மூன்று நிமிடம். ஆறு நடை போய், மூன்று நிமிடம் வந்தது.

*தரை இணைப்பு:* டீசல் குழாய்க்குள் வேகமாக ஓடும்போது நிலைமின்னூட்டம் சேரும். தொட்டியிலிருந்து வண்டிச் சட்டத்துக்கு ஒரு செம்புப் பின்னல் வயர் போட்டார்கள். ஊற்றும்போது குழாயின் உலோக முனை இயந்திர டேங்க்கின் வாயைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; அப்போது இரண்டுக்கும் இடையே பொறி தாவ இடமில்லை.

பதினான்காவது கேன்

வெல்டிங் முடிந்ததும் ஒழுக்கு பார்க்க வேண்டும். கம்பிரஷரில் காற்றடித்துச் சோப்பு நுரை தடவினால் போதும் என்று ஒருவர் சொன்னார். அதைக் கேட்டதும் நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். தொட்டியின் பெரிய பக்கம் ஏறக்குறைய 5300 சதுர செ.மீ. கார் டயருக்கு அடிக்கும் அளவு காற்று, அதாவது சதுர செ.மீ.க்கு 2 கிலோ அழுத்தம் கொடுத்தால், அந்த ஒரு பக்கத்தின் மீது மட்டும் பத்து டன்னுக்கு மேல் விசை விழும். தட்டையான தகடு தாங்காது. "டயர் உருண்டை; இது பெட்டி" என்று பட்டறைக்காரரே ஒத்துக்கொண்டார். தண்ணீர் நிரப்பிப் பார்ப்பது என்று முடிவானது.

தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிட்டு, அந்தச் சனிக்கிழமை ஒன்பது மாணவர்களைப் பட்டறைக்கு அழைத்துச் சென்றேன். வெல்டிங் நடக்கும் நேரத்தில் போகவில்லை. வேலை நின்ற பிறகே போனோம்.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் 20 லிட்டர் கேனில் கோடு வரை தண்ணீர் பிடிக்க, இருவர் ஊற்ற, ஒருவர் எண்ண, இருவர் நீண்ட மூங்கில் குச்சியை விட்டு நீர்மட்டத்தைக் குறித்தார்கள். நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன்: 270 லிட்டர், அதாவது பதின்மூன்றரை கேன்.

பதின்மூன்று கேன் ஆயிற்று. பதினான்காவதில் ஒரு லிட்டர் போயிருக்கும், தொட்டி வழிந்தது. 261 லிட்டர். பிள்ளைகள் கேனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"எங்கேயோ எண்ணிக்கை தப்பியிருக்கும்" என்றேன். எண்ணிய பெண் தன் நோட்டைக் காட்டினாள். பதின்மூன்று கோடுகள் தெளிவாக இருந்தன.

அப்போது 14 மதிப்பெண் வாங்கியவன் மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், 120ங்கறது வெளி அளவு. தகடு வெட்டும்போது நான்தான் டேப் புடிச்சேன். உள்ளே ரெண்டு பக்கமும் மூணு மூணு மில்லி போயிடுமே."

அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டும். பட்டறையில் டேப் பிடித்தவன் சொன்னான்.

திங்கட்கிழமை வகுப்பு

திங்கட்கிழமை அவனையே கரும்பலகைக்கு அழைத்தேன். தகட்டின் கனம் 0.3 செ.மீ. ஒவ்வோர் அளவிலும் இரண்டு பக்கம் சேர்த்து 0.6 செ.மீ. குறைய வேண்டும். உள் அளவு 119.4, 49.4, 44.4. பெருக்கினால் 2,61,887 கன செ.மீ. ஏறக்குறைய 261.9 லிட்டர். தடுப்புத் தகடுகள் இரண்டும் அடைக்கும் இடம் ஏறக்குறைய ஒரு லிட்டர். மீதி 261. கேனில் அளந்ததும் அதுதான்.

தகட்டினால் மட்டும் குறைந்தது 8.1 லிட்டர். "அந்த எட்டு லிட்டர் எங்கே போனது?" என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு மாணவி, "அந்த இடத்துல இரும்பு இருக்கு டீச்சர்" என்றாள். அப்படியானால் இரும்பின் கன அளவைத் தனியாகக் கண்டுபிடித்துச் சரிபார்க்கலாமே? மொத்தப் புறப்பரப்பு 2(120×50 + 50×45 + 120×45) = 27,300 சதுர செ.மீ. அதை 0.3 ஆல் பெருக்கினால் 8190 கன செ.மீ.; 8.19 லிட்டர்!

புறப்பரப்பு ஒரு சூத்திரம், கன அளவு வேறொரு சூத்திரம் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்திருந்த வகுப்பு அது. இரண்டும் ஒரே இடத்தில் வந்து சந்தித்ததை அன்றுதான் பார்த்தார்கள். 8.19க்கும் 8.11க்கும் உள்ள சிறு வித்தியாசம் ஏன் என்றும் அவர்களே கண்டார்கள்: விளிம்புகளில் தகடு ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தை இரண்டு முறை எண்ணிவிட்டோம்.

அதோடு விடவில்லை. இரும்பு ஒரு கன செ.மீ. 7.85 கிராம். ஆகவே தகடு மட்டும் ஏறக்குறைய 64 கிலோ. தடுப்பும் கால் சட்டமும் சேர்த்து 85 கிலோ. டீசல் சூட்டில் விரியும் என்பதால் நூற்றுக்கு ஐந்து பங்கு காலியாக விட வேண்டும். நிலத்தடித் தொட்டியிலிருந்து பிடித்த 250 லிட்டர் டீசல், வெயிலில் 15 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய மூன்று லிட்டர் கூடும். எனவே ஊற்ற வேண்டியது 248 லிட்டர். 248 × 0.83 = 206 கிலோ. எல்லாம் சேர்த்து 290 கிலோ. கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் 40 கிலோ நெல் மூட்டையில் ஏழுக்கு மேல். இவ்வளவு பாரத்தையும் வண்டியின் பின்நுனியில் வைத்தால் முன்சக்கரம் பிடிமானம் இழக்கும்; அதனால்தான் தொட்டி ஓட்டுநர் அறையை ஒட்டியே, பின் அச்சுக்கு முன்னால் அமர்கிறது.

என் 270 இப்படி 261 ஆகி, கடைசியில் 248 ஆனது. புத்தகத்தின் பெட்டிக்குக் கனம் கிடையாது, சூடு கிடையாது, அது நகர்வதும் கிடையாது. புத்தகம் தவறல்ல, தொடங்குவதற்கு அப்படித்தான் இருக்க வேண்டும். அதோடு நான் நிறுத்திக்கொண்டதுதான் தவறு.

பத்து லிட்டர் எங்கே போனது?

இவ்வளவோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல வகுப்பு அனுபவம், அவ்வளவுதான். ஆனால் பட்டறையில் தண்ணீர் வழிந்தபோது அந்த அப்பா சொன்ன ஒரு வார்த்தை என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. "எட்டு லிட்டர்தானே டீச்சர். போன வருஷம் அந்த ட்ரம்முல பத்துப் பத்து லிட்டரா போச்சு."

செவ்வாய்க்கிழமை பையனிடம் விவரம் கேட்டேன். படுக்க வைத்த ட்ரம்மின் மேல்மூடி வழியே குச்சி விட்டு அளப்பார்களாம். கால் உயரம் நனைந்திருந்தால் 50 லிட்டர் இருப்பு என்று கணக்கு. கையாள் அதைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து, "நாப்பதுதான் வந்துச்சு" என்பாராம். ஒரு முறை, இரண்டு முறை அல்ல. குறைவாக இருக்கும்போதெல்லாம் இதே கதை. கடைசியில் திருட்டுப் பழி சுமத்தி, வாரக் கூலியையும் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டார்கள்.

நான் பையனிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த கணக்குப் பாடவேளையில் நான்கு குழுக்களுக்கும் வரைபடத் தாள் கொடுத்தேன். 10 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரையச் சொன்னேன். அதுதான் படுத்த ட்ரம்மின் முகம். விட்டம் 20 செ.மீ.; அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில், அதாவது கால் உயரத்தில், ஒரு கிடைக்கோடு. கோட்டுக்குக் கீழே எத்தனை சதுர செ.மீ. என்று கட்டங்களை எண்ண வேண்டும். அரைக் கட்டத்துக்கு மேல் உள்ளதை ஒன்றாகவும் குறைந்ததை விட்டும் எண்ணச் சொன்னேன்.

வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 314. கால் பங்கு என்றால் 78 வர வேண்டும். நான்கு குழுக்களுக்கும் வந்தவை 60, 61, 63, 61.

61ஐ 314ஆல் வகுத்தால் 0.195. நூற்றுக்கு இருபதுகூட இல்லை. 200 லிட்டர் ட்ரம்மில் கால் உயரம் என்பது 50 லிட்டர் அல்ல, 39 லிட்டர்.

வகுப்பு அமைதியாக இருந்தது. பையன் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப அந்த அண்ணன் எடுக்கலையா டீச்சர்?" என்று கேட்டான்.

வட்டம் அடியில் குறுகியது, நடுவில் அகன்றது. அதனால் குச்சியில் ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரே அளவு டீசல் இருக்காது. பாதி உயரத்தில் மட்டும் பாதி சரியாக வரும். முக்கால் உயரத்தில் 150 என்று நினைத்தால் உண்மையில் ஏறக்குறைய 161 இருக்கும். அந்தக் கூடுதல் பதினொரு லிட்டரைப் போன வருடம் யாரும் கவனிக்கவில்லை. குறைந்தது மட்டும்தான் கண்ணில் பட்டது.

பட்டறையில் மூங்கில் குச்சியில் குறித்த கோடுகளை எடுத்து ஒப்பிட்டோம். பெட்டித் தொட்டியின் உள் அடிப்பரப்பு ஏறக்குறைய 5900 சதுர செ.மீ.; அதனால் ஒவ்வொரு 20 லிட்டர் கேனுக்கும் மட்டம் 3.4 செ.மீ. உயர்ந்திருந்தது, அடியிலும் மேலேயும் ஒரே மாதிரி. வரைபடத்தில் பெட்டி நேர்கோடாக ஏறியது. ட்ரம் வளைந்து வளைந்து ஏறியது. இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பையனிடம் கொடுத்தேன். "அப்பாகிட்ட காட்டு" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மாலை அவர் அந்தத் தாளோடு வந்தார். நீண்ட நேரம் விளக்கம் கேட்டார். கட்டங்களை அவரே விரல் வைத்து எண்ணினார். வாசல்வரை போய்த் திரும்பி, "அவன் குழந்தைமேல கைவச்சு சத்தியம் பண்ணான் டீச்சர். நான்தான் கேக்கல" என்றார்.

பொங்கல் முடிந்த வாரம் அந்தக் கையாளின் வீட்டுக்குப் போய்ப் பிடித்து வைத்த கூலியைக் கொடுத்துவிட்டு வந்ததாகப் பையன் சொன்னான். அவர் திரும்ப வேலைக்கு வரவில்லை. ஏற்கெனவே திருப்பூருக்குப் போய்விட்டிருந்தார். பணத்தை அவருடைய மனைவிதான் வாங்கிக்கொண்டாராம்.

வகுப்பில் செய்து பார்க்க

டேங்க் கட்டும் பட்டறை எல்லா ஊரிலும் இருக்காது. ஆனால் கீழ்க்கண்டவற்றை எந்தப் பள்ளியிலும் செய்யலாம்.

1. ஓர் அட்டைப் பெட்டி, ஒரு மரப் பெட்டி, ஒரு சிமெண்டுத் தொட்டி ஆகியவற்றின் வெளி அளவையும் உள் அளவையும் எடுத்து இரண்டு கன அளவுகளின் வித்தியாசத்தைக் காணச் செய்யலாம். சிமெண்டுத் தொட்டியில் வித்தியாசம் மிகப் பெரிதாக வரும். அதைப் புறப்பரப்பு × கனம் என்பதோடு ஒப்பிட்டால், கனம் கூடக் கூட ஏன் பொருந்தவில்லை என்ற கேள்வி தானாக எழும்.

2. உருளை வடிவ பாட்டிலில் ஒவ்வொரு டம்ளராகத் தண்ணீர் ஊற்றி, நிற்க வைத்தும் படுக்க வைத்தும் மட்டத்தைக் குறித்து வரைபடம் வரையலாம். நேர்கோடு எப்போது வருகிறது, எப்போது வளைகிறது என்று மாணவர்களே சொல்லட்டும்.

3. வட்டத்துக்குள் கட்டம் எண்ணும் செயல்பாட்டைக் கால் உயரத்தோடு நிறுத்தாமல் பத்தில் ஒரு பங்கு உயரத்துக்கும் செய்யலாம். நூற்றுக்கு ஐந்து பங்குதான் வரும்.

4. பெற்றோரின் தொழிலில் அளவு எங்கெல்லாம் வருகிறது என்று ஒரு பட்டியல் எடுக்கலாம். பால் கேன், நெல் குதிர், தண்ணீர் டேங்கர், மணல் லோடு என்று நிறைய வரும். வகுப்பில் பேசாத பிள்ளைகள் இந்த இடத்தில் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: எல்லாச் சோதனைகளையும் தண்ணீரில் மட்டுமே செய்ய வேண்டும். எரிபொருள் இருந்த கலன் எதையும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லக் கூடாது.

பின்குறிப்பாக

தண்ணீர்ச் சோதனைக்குப் பின் தொட்டியை இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, கொஞ்சம் டீசலால் அலசிவிட்டு, தை இரண்டாம் வாரம் வண்டியில் ஏற்றினார்கள். மூங்கில் குச்சிக்குப் பதிலாக ஓர் அலுமினியப் பட்டையில் கோடு போட்டு லிட்டர் எழுதினார்கள். கடைசிக் கோடு 248. அதற்கு மேல் பையன் தன் கையெழுத்தில் "இதுக்கு மேல வேண்டாம்" என்று எழுதியிருக்கிறான்.

அந்த அறுவடையில் அவன் எடுத்த விடுப்பு நான்கு நாள். ஆண்டுத் தேர்வில் 41. பெரிய மதிப்பெண் அல்ல. இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான். அளவியல் பாடம் நடத்தும்போது நான் விடையை எழுதி முடிப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்துவிடுகிறது: "டீச்சர், அது வெளி அளவா, உள் அளவா?"

(கட்டுரையாளர்: பட்டதாரி ஆசிரியர், கணிதம், அரசு உயர்நிலைப் பள்ளி, திருவாரூர் மாவட்டம்)